எழுத்துக் களவும் ஆராய்ச்சியின் சாட்சியமும்

லண்டன் ராயல் சங்கத்தின் காரியதரிசியாக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க் 1665-ஆம் ஆண்டில் 'பிலசாஃபிகல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியபோது, விஞ்ஞானச் செய்திகளைப் பரப்புவதோடு மற்றொரு காரியத்தையும் மனத்திற் கொண்டிருந்தார். ஓர் உண்மையை முதலிற் கண்டவர் யார், எந்நாளில் அதை எழுதி அனுப்பினார் என்பதைப் பிற்காலத்தில் எவரும் மறுக்க இயலாதவாறு பதிவு செய்து வைப்பதே அது. தம் கண்டுபிடிப்பைப் பிறர் அபகரித்துக்கொள்வரோ என்னும் அச்சத்தால், எழுத்துக்களை இடம் மாற்றிப் புதிர்களாக எழுதி மறைத்து வைக்கும் வழக்கம் அக்காலத்து அறிஞர்களிடம் இருந்தது. 'உன் பெயருக்கும் உன் தேதிக்கும் நாங்கள் பொறுப்பு. நீ கண்டதைத் தயங்காமல் உலகுக்குச் சொல்' என்னும் உறுதியைப் பத்திரிகை அளித்த பின்னரே விஞ்ஞானம் பொதுச் சொத்தாயிற்று. ஆகவே, ஆய்விதழ் என்ற ஸ்தாபனம் பிறந்த நாளிலிருந்தே உரியவருக்கு உரிய கௌரவத்தைக் காப்பது அதன் கடமைகளுள் ஒன்றாக இருந்து வருகிறது.

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை உண்மையில் ஒரு சாட்சியம். 'இன்ன இடத்தில், இன்ன முறையில், இன்ன பரிசோதனையை நான் செய்தேன். இன்ன முடிவைக் கண்டேன். இதற்கு முன் இன்னார் சொன்னதை ஆதாரமாகக் கொண்டேன்' என்று கையொப்பமிட்டுச் சொல்லும் சாட்சியத்தை நம்பியே மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். மற்றோர் ஆராய்ச்சியாளர் அடுத்த பரிசோதனையைத் திட்டமிடுகிறார். பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டுகிறவன், தான் காணாத ஒன்றைக் கண்டதாகச் சாட்சி சொல்லுகிறான். எழுத்துக் களவைச் சொற்களின் திருட்டு என்று மட்டும் கருதி, 'நாலு வாக்கியந்தானே' என்று பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். களவு வெளிப்படும் இடம் சொல்லாக இருக்கலாம். சேதம் அடைவது சாட்சியம்.

இதை விளக்க, அமெரிக்காவில் 1978-க்கும் 1980-க்கும் இடையே நடந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெஸ்ஸி ராத் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹெலெனா வாக்ஸ்லிக்ட்-ராட்பார்ட் என்னும் இளம் மருத்துவர், உணவை வெறுத்து உடல் மெலியும் அனோரெக்சியா நெர்வோசா என்ற நோயுடையவர்களின் இரத்த அணுக்களில் இன்சுலின் எவ்வாறு பிணைகிறது என்பதை ஆராய்ந்து, 1978 நவம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் புகழ்பெற்ற இதழுக்குக் கட்டுரை அனுப்பினார். இதழாசிரியர் அதை மதிப்பிட அனுப்பிய வல்லுநர்களுள் ஒருவர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிலிப் ஃபெலிக். அவர் அதைத் தம்மிடம் பணியாற்றிய விஜய் சோமனிடம் கொடுத்தார். சோமனோ அதே பொருளைப் பற்றித் தாமும் ஆராய்ந்துகொண்டிருந்தவர். கட்டுரையை ஏற்க வேண்டாம் என்ற அபிப்பிராயம் யேலிலிருந்து போயிற்று. சில வாரங்களுக்குப் பின், சோமனும் ஃபெலிக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வேறோர் இதழுக்குப் போய்ச் சேர, அவ்விதழ் அதை மதிப்பிடுமாறு ஜெஸ்ஸி ராத்துக்கு அனுப்ப, ராத் அதைத் தம் ஆய்வுக்கூடத்து வாக்ஸ்லிக்ட்-ராட்பார்டிடமே கொடுத்தார். இன்னும் அச்சேறாத தம் கட்டுரையின் வாக்கியங்கள், பிறர் பெயரில், தம் மேஜைமேல் கிடப்பதை அவர் கண்டார்.

அப்படியே எடுக்கப்பட்ட சொற்களை எண்ணினால் அறுபது அளவில்தான் இருக்கும். ராத்தும் ஃபெலிக்கும் இளமைக்கால நண்பர்கள்; இருவரும் பேசி, வாக்ஸ்லிக்ட்-ராட்பார்டின் கட்டுரை வெளியாகும்வரை யேல் கட்டுரையை நிறுத்தி வைப்பதென்று சமாதானம் செய்துகொண்டனர். அந்த இளம் மருத்துவருக்கு இது போதவில்லை. சொற்களை எடுத்தவர் பரிசோதனையை உண்மையாகவே செய்தாரா என்பதே அவருடைய கேள்வி. யேல் மருத்துவக் கல்லூரியின் தலைவருக்கு எழுதினார். விசாரணை வேண்டுமென்று மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, 1980 பிப்ரவரியில், பாஸ்டன் நகரத்து ஜெஃப்ரி ஃப்ளையர் என்னும் மருத்துவர் யேலுக்குச் சென்று மூலக் குறிப்பேடுகளைக் கேட்டார். அப்போதுதான் கட்டுரையில் கண்ட எண்களுக்கும் குறிப்பேடுகளுக்கும் பொருத்தமில்லை என்பதும், பல எண்கள் திருத்தப்பட்டவை என்பதும் தெரிந்தன. சோமன் ஒப்புக்கொண்டு பதவி விலகினார். மேலும் ஆராய்ந்ததில் பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் பெரும் பதவியேற்றிருந்த ஃபெலிக்கும் அதைத் துறக்க நேர்ந்தது. குற்றத்தைக் கண்டுபிடித்தவரோ, விசாரணை முடிவதற்கு முன்பே ஆராய்ச்சியை விட்டு ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குப் போய்விட்டார்.

அறுபது சொற்களை இழுத்தபோது பத்துக் கட்டுரைகள் சரிந்தன என்பதே இந்தச் சம்பவத்தின் முதற்பாடம். இரண்டாவது பாடம் அதைவிட முக்கியமானது. இங்கே கண்டுபிடிப்பதற்கு ஒரு நிமிடம் போதுமானதாயிருந்தது. ஏனெனில் எழுதியவரே படித்தார். கையாள்வதற்கோ ஓராண்டு பிடித்தது. இருவரது நட்பும், பெரிய பெயர்களும், 'யார் விசாரிப்பது' என்ற தெளிவின்மையும் சேர்ந்து நியாயத்தைத் தாமதப்படுத்தின. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர் குற்றமற்றவரே.

பிறர் எழுத்தைத் திருடுவது தவறென்று ஒப்புக்கொள்வோரும், தம் பழைய கட்டுரையையே சிறிது மாற்றி மீண்டும் பிரசுரிப்பதில் என்ன தோஷம் என்று கேட்பதுண்டு. இதற்கும் விடை சாட்சியத்தில்தான் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் ஆண்டான்செட்ரான் என்ற மருந்தைப் பற்றிய பரிசோதனைகளை மார்ட்டின் டிராமெர் என்பவரும் அவருடைய சகாக்களும் திரட்டி ஆராய்ந்து, 1997-இல் 'பிரிட்டிஷ் மெடிகல் ஜர்ன'லில் எழுதினர். வெளியான அறிக்கைகளில் 17 சதவீதம் முன்பே வேறோரிடத்தில் வந்தவை. நோயாளிகளைப் பற்றிய தகவல்களில் 28 சதவீதம் இரட்டிப்பாக எண்ணப்பட்டவை. இரட்டிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் மருந்தின் ஆற்றல் உள்ளதைவிட 23 சதவீதம் மிகுதியாகத் தோன்றியது. ஒரே சாட்சி வெவ்வேறு பெயரில் இருமுறை கூண்டில் ஏறினால் வழக்கு எவ்வாறு பிழைபடுமோ, அவ்வாறே இங்கும் பிழைபட்டது; அப்பிழையின் பலனை அனுபவிக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நோயாளிகள்.

வருஷந்தோறும் லட்சக்கணக்கான கட்டுரைகள் எழுதப்படும் இக்காலத்தில், எழுதியவரே மதிப்பிட நேரும் தற்செயலை நம்பியிருக்க முடியாது. ஆகையால் கணிப்பொறியின் துணை வேண்டியதாயிற்று. அதன் உபாயம் எளிமையானது. 'நோயாளிகளிடம் எடுத்த இரத்தம் குளிர்நிலையில் வைக்கப்பட்டுப் பத்து நிமிடம் சுழற்றப்பட்டது' என்றொரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். மென்பொருள் இதை மும்மூன்று சொற்கள் கொண்ட துண்டுகளாக, ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து, வெட்டிக்கொள்கிறது: 'நோயாளிகளிடம் எடுத்த இரத்தம்' என்பது முதல் துண்டு, 'எடுத்த இரத்தம் குளிர்நிலையில்' என்பது இரண்டாவது, இவ்வாறே எட்டுச் சொற்களிலிருந்து ஆறு துண்டுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு கணித விதிப்படி ஓர் எண்ணாக மாற்றப்பட்டு, கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து முன்பே இப்படித் தயாரித்து வைத்த எண்களின் அட்டவணையோடு ஒப்பிடப்படுகிறது. திருடியவர் 'குளிர்நிலையில்' என்பதை 'குளிர்பெட்டியில்' என்று மாற்றினாலும், அச்சொல் இடம்பெற்ற மூன்று துண்டுகளே அழிகின்றன. எஞ்சிய மூன்றும் காட்டிக்கொடுக்கின்றன. துண்டின் நீளம் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும், தத்துவம் இதுவே.

உபாயம் இருந்தால் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க மூலங்களும் வேண்டும். சந்தாக்காரர்கள் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டிய அறைகளில் கட்டுரைகளை வைத்திருந்த பிரசுரகர்த்தர்கள், தங்களுக்குள் எத்தனை போட்டியிருந்தாலும், முழுக் கட்டுரைகளையும் ஒப்பீட்டுக்குத் திறந்துவிட இணங்கினாலன்றி இது நடவாது. கிராஸ்ரெஃப் என்னும் கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டில், ஐதென்டிகேட் என்ற மென்பொருளைக் கொண்டு, இந்த ஏற்பாட்டைச் செய்தது. அதில் முற்படச் சேர்ந்த சீன இதழ் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தினுடையது. அதன் ஆசிரியை ஜாங் யூஹோங், தமக்கு வந்த 2,233 கட்டுரைகளில் 692-இல், அதாவது 31 சதவீதத்தில், நியாயப்படுத்த இயலாத படியெடுப்பைக் கண்டதாக 2010-இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். தம் இதழின் குறையைத் தாமே உலகறியச் சொல்ல ஓர் ஆசிரியர் முன்வந்தது மிக அரிய துணிவு; அத்தகைய வெளிப்படையான பேச்சிலிருந்தே பரிகாரம் தொடங்குகிறது.

ஆயினும், மென்பொருள் அளிக்கும் சதவீதத்தைத் தீர்ப்பாகக் கொள்வது பெரும் பிழை. இரண்டு கட்டுரைகள் ஒரே நாளில் ஓர் ஆசிரியரின் பார்வைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒப்புமை 30 சதவீதம். திறந்து பார்த்தால், அது நாற்பது இடங்களிலிருந்து ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்ந்தது. வேதிப்பொருள்களின் பெயர்கள், கருவியின் அமைப்பு, மேற்கோள் பட்டியல், எல்லோரும் எழுதும் மரபுத் தொடர்கள். இரண்டாவதில் ஒப்புமை 9 சதவீதமே. ஆனால் அத்தனையும் ஒரே மூலத்திலிருந்து, அதுவும் முடிவுகளை விவாதிக்கும் பகுதியில், மூலத்தின் பெயரின்றி அடுத்தடுத்து வரும் பத்திகளில் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்கிறவர் முதலாமவரைத் தண்டித்து இரண்டாமவரை விட்டுவிடுவார். எந்த மூலம், எந்தப் பகுதி, எவ்வளவு தொடர்ச்சி, மேற்கோள் இருக்கிறதா என்ற நான்கையும் பக்கம் பக்கமாகப் படித்து நிர்ணயிக்கும் பொறுப்பு மனிதருடையது.

மென்பொருளின் கண்ணுக்குப் படாத களவுகளும் உண்டு. வேற்றுமொழியிலிருந்து பெயர்த்து எழுதியது, கருத்தை மட்டும் கவர்ந்தது, படத்தையும் வரைபடத்தையும் எடுத்தது ஆகியவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சொற்களை இயந்திரத்தால் மாற்றித் தப்பிக்கும் தந்திரத்தையோ, 2021-இல் கியோம் கபானாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் என்ற மூவர் அம்பலப்படுத்தினர். 'செயற்கை நுண்ணறிவு' என்று வர வேண்டிய இடத்தில் 'போலி உணர்வுநிலை' என்று பொருள்படும் தொடரும், 'மார்பகப் புற்றுநோய்' வர வேண்டிய இடத்தில் 'மார்பின் ஆபத்து' என்று பொருள்படும் தொடரும் ஆங்கில ஆய்விதழ்களிலே அச்சாகியிருந்தன. இத்துறையை அறிந்த ஒரே ஒருவர் அக்கட்டுரைகளை ஒருமுறை ஊன்றிப் படித்திருந்தால் அவை வெளிவந்திரா. படிக்காமல் பிரசுரிக்கும் இதழ், களவைத் தடுக்க எந்த இயந்திரத்தை வாங்கி வைத்தும் பயனில்லை. இன்று வாக்கியங்களைத் தானே இயற்றித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றை நூலாசிரியராகக் கொள்ள இயலாது, எழுதப்பட்டதற்கு முழுப் பொறுப்பும் மனிதரையே சாரும் என்று பிரசுர நெறிக் குழு 2023-இல் திட்டவட்டமாக அறிவித்தது.

அந்தப் பிரசுர நெறிக் குழு 'கோப்' என்ற சுருக்கப் பெயரால் வழங்குவது. பிரிட்டனின் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர், தமக்கு வரும் சந்தேக வழக்குகளைக் கூடிப் பேசித் தீர்ப்பதற்காக 1997-இல் அமைத்தது. இன்று எல்லாத் துறை இதழ்களுக்கும் வழிகாட்டுவது. அது வகுத்த முறையின் சாரம் நீதிமன்றத்தின் தர்மத்தை ஒத்தது. சந்தேகம் எழுந்தால், இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்து ஆதாரத்தைத் திரட்ட வேண்டும். பின்னர், குற்றஞ்சாட்டும் தொனியின்றி, ஆதாரத்தையும் இணைத்து, எழுதியவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். புதிதாக எழுதப் பழகும் மாணவர், அந்நிய பாஷையில் செய்முறையை விவரிக்கத் தெரியாமல் சில வரிகளை எடுத்திருந்தால், திருத்தி எழுதச் சொல்லி நெறியைக் கற்பிப்பதே நியாயம். முடிவுகளையோ கருத்தையோ பெருமளவு அபகரித்திருந்தால், கட்டுரையை நிராகரிப்பதோடு நில்லாமல், திருப்தியான விளக்கம் வராதபோது அவர் பணியாற்றும் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். ஏனெனில் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கி விசாரிக்கும் அதிகாரம் இதழாசிரியருக்கு இல்லை, நிறுவனத்துக்கே உண்டு. மௌனமாகத் திருப்பி அனுப்பிவிட்டால், அதே கட்டுரை அடுத்த வாரம் வேறோர் இதழின் வாசலில் நிற்கும்.

அச்சான பின் களவு தெரியவந்தால், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டும். திரும்பப் பெறுதல் என்பது சுவடின்றி அழித்துவிடுவதன்று. கட்டுரை இருந்த இடத்திலேயே, 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு இருக்க வேண்டும். யார் திரும்பப் பெற்றார், எக்காரணத்தால், யாருடைய எழுத்து எடுக்கப்பட்டது என்பதை இலவசமாக எவரும் படிக்கத்தக்க குறிப்பு ஒன்று அதனோடு சேர வேண்டும். 'நிர்வாகக் காரணங்களால் நீக்கப்பட்டது' என்று மழுப்பும் குறிப்பு, மூல ஆசிரியருக்கு இழைத்த அநியாயத்தை இரண்டாம் முறையும் இழைப்பதாகும். அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டான்சிங்கரும் அவருடைய சகாக்களும் ஓர் இதழுக்கு அனுப்பி ஏற்கப்படாமற்போன கட்டுரையை, அதை மதிப்பிட்ட ஒருவரே தம் பெயரில் வேறோர் இதழில் வெளியிட்டுவிட்டார். பரிசோதனைக்கு உட்பட்ட நோயாளிகள் வேறு தேசத்தவர் என்றுகூட மாற்றிவிட்டார். அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டபின், 2016 டிசம்பரில், திருடியவரின் பெயரைக் கூறாமல் அவரை நோக்கி டான்சிங்கர் எழுதிய பகிரங்கக் கடிதத்தை, முதலில் அவருடைய கட்டுரையை மறுத்த அதே இதழ் வெளியிட்டது. தன் நம்பிக்கையை ஒரு மதிப்பீட்டாளர் குலைத்ததை மூடிவைக்காமல் சொன்ன அந்த இதழின் செய்கை, மற்ற இதழ்கள் பின்பற்றத்தக்கது.

நம் நாட்டில், பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் எழுத்துக் களவைத் தடுக்கும் விதிகளை இயற்றியது. 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனையில்லை. 10-க்கு மேல் 40 வரை ஒரு படி, 40-க்கு மேல் 60 வரை மற்றொரு படி, அதற்கும் மேற்பட்டால் கடைசிப் படி. ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் களவு நிரூபணமானால் மாணவரின் பதிவே ரத்தாகும். அச்சான எழுத்தில் அவ்வளவு களவு செய்த ஆசிரியர் இரண்டு ஆண்டு ஊதிய உயர்வையும், மூன்றாண்டு வழிகாட்டும் உரிமையையும் இழப்பார். துறையளவிலும் நிறுவன அளவிலும் விசாரணைக் குழுக்கள் அமைய வேண்டுமென்றும் விதி கூறுகிறது. 'யார் விசாரிப்பது' என்ற கேள்விக்கு விடை இருப்பது பெரும் நன்மை. ஆய்வேடுகளை யாவரும் காணுமாறு 'ஷோத்கங்கா' என்ற தேசியக் களஞ்சியத்தில் வைக்கும் ஏற்பாடும் அவ்வாறே. பலர் கண்ணில் படும் எழுத்தில் களவு நெடுநாள் மறைந்திருப்பதில்லை. ஆனால் படிகளை எண்ணால் வகுத்ததன் விளைவாக, எப்படியாவது 10-க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லுக்குச் சொல் மாற்றும் பழக்கமும், அதைக் கூலிக்குச் செய்து தரும் கடைகளும் பல்கலைக்கழக வாசல்களில் பெருகியிருக்கின்றன. 9 சதவீதத்தில் ஒருவருடைய கண்டுபிடிப்பு முழுவதையும் அடக்கிவிட முடியும் என்பதை விசாரணைக் குழுவினர் மறவாதிருக்க வேண்டும்.

தண்டனையினும் பயிற்சி மேலானது. அந்தப் பயிற்சி நமக்குப் புதியதுமன்று. நன்னூலார், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய செய்திகளுள் ஆக்கியோன் பெயரை அடுத்து, அந்நூல் எதன் வழியே வந்தது என்பதையும் வைத்தார். முதனூல், வழிநூல், சார்புநூல் என்று பகுத்தார். வழிநூல் செய்வது இழிவென்று அவர் கருதவில்லை. முன்னோர் சொல்லை எடுத்தாள்வதையும் விலக்கவில்லை. வழியைச் சொல்ல வேண்டும் என்பதே அவர் விதித்த கட்டுப்பாடு. மேற்கோள் என்று இன்று நாம் வழங்குவதன் தர்மமும் அதுவே. பிறர் கருத்தை எடுத்தாள்வது ஆராய்ச்சிக்கு இழுக்கன்று. எடுத்தாண்டு மறைப்பதுதான் இழுக்கு.

ஆராய்ச்சி மாணவர் சேர்ந்த முதல் மாதத்திலேயே, படித்த கட்டுரையை மூடி வைத்துவிட்டுத் தாம் விளங்கிக்கொண்டதைத் தம் வாக்கியங்களில் எழுதவும், குறிப்பெடுக்கும் அந்த வேளையிலேயே மூலத்தின் பெயரையும் பக்கத்தையும் ஓரத்தில் பதியவும், அப்படியே எடுத்த சொற்களை உடனே மேற்கோள் குறிக்குள் அடைக்கவும் கற்பிக்க வேண்டும். வழிகாட்டும் பேராசிரியர், தம் பெயரும் சேர்ந்து அச்சாகவிருக்கும் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, அதன் எண்களைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்ட பின்னரே அனுப்ப இசைய வேண்டும். எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பதவி உயர்வு அளிக்கும் பல்கலைக்கழகங்கள், அவற்றுள் சிலவற்றையேனும் எடுத்துப் படித்துத் தகுதியை நிர்ணயிக்க வேண்டும். எண்ணிக்கையே யோக்கியதை என்று வைத்த இடத்தில் களவு மலிவது இயல்பு. இதழாசிரியரோ, புகார் கொண்டு வருகிறவர் எவ்வளவு இளையவராயினும், குற்றஞ்சாட்டப்பட்டவர் எவ்வளவு பெரியவராயினும், குறித்த காலத்துக்குள் விடை சொல்லக் கடமைப்பட்டவர். இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. படிக்கும் பொறுமையும், கண்டதைச் சொல்லும் நேர்மையும் வேண்டும். அவ்விரண்டும் இல்லாதார் கையில் ஆராய்ச்சியை ஒப்படைக்கலாகாது.